அலுமா, சிபிஜியா, எம்பிஎல்லா, ஆர்848-ஆ? புரதத் தடுப்பூசிக்குத் துணையூக்கியைத் தேர்ந்தெடுத்தல்

சுத்தப்படுத்திய புரதத்தை மட்டும் எலியின் தொடையில் ஊசி போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. எதிர்ப்பொருள் அளவு லேசாக ஏறி இறங்கும், டி செல்கள் (கிருமியை அடையாளம் கண்டு செயல்படும் வெள்ளணுக்கள்) அசைந்துகூடக் கொடுக்காது. கிருமியோடு சேர்ந்து வரும் அடையாளங்கள், அதாவது செல்சுவரின் கொழுப்பு, மெத்தில் ஏறாத டிஎன்ஏ, ஒற்றையிழை ஆர்என்ஏ போன்றவை அந்தப் புரதத்தில் இல்லை என்பதே காரணம். அவற்றை உணரும் டோல் ஏற்பிகள், சுருக்கமாக டிஎல்ஆர்கள், விழிக்காதவரை டென்ட்ரைட்டிக் செல், அதாவது கிருமித் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் செல், ஆன்டிஜெனை (தடுப்பூசியின் குறிப்புரதத்தை) விழுங்கினாலும் டி செல்லுக்குச் சரியான செய்தி போவதில்லை. அந்த அடையாளங்களை வேதிமுறையில் செய்து ஆன்டிஜெனோடு சேர்ப்பதுதான் இன்றைய துணையூக்கி வேலையின் பெரும்பகுதி. தடுப்பூசியின் விளைவைக் கூட்டச் சேர்க்கும் பொருளே துணையூக்கி.

சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றின் முன் இருக்கும் தெரிவுகள் ஐந்தாறுதான்: அலும் (அலுமினிய உப்பு ஜெல்), சிபிஜி ஆலிகோ (குறுகிய செயற்கை டிஎன்ஏ), செயற்கை எம்பிஎல் (பாக்டீரியாக் கொழுப்பின் மாற்று வடிவம்), ஆர்848 போன்ற இமிடசோகுயினோலின்கள் (சிறு மூலக்கூறுகள்), கியூஎஸ்-21 (மரப்பட்டையிலிருந்து வருவது), ஸ்டிங் தூண்டிகள் (செல்லுக்குள் எச்சரிக்கை தரும் ஸ்டிங் புரதத்தைத் தூண்டுபவை). விற்பனையாளர் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அரைவிளைவுச் செறிவு (செல்வளர்ப்பில் பாதி விளைவு தரும் செறிவு) போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. செல்வளர்ப்புக் குழியில் மூலக்கூறு எங்கும் ஓடிவிட முடியாது, உடலில் ஓடிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஊசி போட்ட இடத்திலும் நிணநீர்க்கணுவிலும் ஆன்டிஜெனோடு சேர்ந்தே அது நிற்குமா? அது தூண்டும் ஏற்பி, உங்கள் எலியிலும் கடைசியில் நீங்கள் குறிவைக்கும் மனிதரிலும் ஒரே செல்களில் ஒரே மாதிரி வேலை செய்கிறதா?

எதையும் வாங்குமுன்: எண்டோடாக்சின்

ஈ. கோலையில் செய்த புரதமென்றால் அதில் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியா வெளிச்சவ்வின் எல்பிஎஸ், நிச்சயம் ஒட்டியிருக்கும். எல்பிஎஸ்ஸே வலுவான டிஎல்ஆர்4 தூண்டி. அதை நீக்காமல் செய்யும் ஒப்பீட்டில் 'புரதம் மட்டும்' குழுவுக்கும் ஏற்கெனவே ஒரு துணையூக்கி போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு எம்பிஎல் பயன் தரவில்லை என்று வரும் முடிவுக்கு அர்த்தமே கிடையாது.

டிரைட்டான் எக்ஸ்-114 (சோப்பு போன்ற ஒரு பொருள்) முறை மலிவானது, பெரும்பாலான புரதங்களுக்குப் போதும். புரதக் கரைசலில் 1 முதல் 2 சதவீதம் டிரைட்டான் சேர்த்து 4 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சுழற்றுங்கள். பிறகு 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் கரைசல் கலங்கி இரண்டாகப் பிரியும். அறை வெப்பத்திலேயே சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேல்படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்பிஎஸ் கீழே உள்ள டிரைட்டான் படலத்தோடு போய்விடும். இதை மூன்று முறை திருப்பிச் செய்து, மிச்ச டிரைட்டானை ரெசினில் நீக்கிவிட்டு, எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை செய்யுங்கள். சென்ட்ரிஃப்யூஜ் குளிர்ந்திருந்தால் இரண்டு படலமும் மறுபடி கலந்துவிடும். இந்த முறை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். சவ்வுப் புரதங்களுக்கு இது ஒத்துவராது. அவை எல்பிஎஸ்ஸோடு சேர்ந்து கீழே போய்விடும். அவற்றைப் பாலூட்டிச் செல்களில் தயாரிப்பதே மேல்.

அலும்: அடித்தளம்

1926இல் கிளென்னி டிஃப்தீரியா டாக்சாய்டை அலுமினிய உப்போடு வீழ்படிவாக்கிக் காட்டியதிலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. எலியில் அலும் தருவது பெரும்பாலும் டிஎச்2 (எதிர்ப்பொருளை ஊக்கும் உதவி டி செல் வகை) பக்கம் சாய்ந்த விளைவு: ஐஜிஜி1 என்ற எதிர்ப்பொருள் வகை நிறைய, இன்டர்ஃபெரான் காமா (செல்லுக்குள் ஒளியும் கிருமியை அழிக்க உதவும் டிஎச்1 வகையின் அடையாளம்) மிகக் குறைவு. நச்சை நடுநிலையாக்க எதிர்ப்பொருள் மட்டும் போதுமென்றால் அலுமோடு நிறுத்திக்கொள்ளலாம். செல்லுக்குள் ஒளியும் கிருமிக்கு அது போதாது.

அலுமின் பெருமதிப்பு அது தனியாகச் செய்யும் வேலையில் இல்லை. மற்ற மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்தும் மேற்பரப்பு அது. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல் பிஎச் 7-இல் நேர்மின்னூட்டம் கொண்டது. அதன் பூச்சிய மின்னூட்டப் புள்ளி (நிகர மின்னூட்டம் பூச்சியமாகும் பிஎச்) 11-ஐ ஒட்டியது. எதிர்மின்னூட்டம் கொண்ட புரதங்களும் ஃபாஸ்பேட் தாங்கிய மூலக்கூறுகளும் அதில் நன்றாக ஒட்டும். அலுமினியம் ஃபாஸ்பேட் இதற்கு நேர்மாறு, அதன் புள்ளி 5 அருகே. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஆன்டிஜென் ஒட்டவே இல்லை என்று கடைசியில்தான் தெரிகிறது.

ஜெல்லை உறையவிடக் கூடாது. உறைந்து உருகிய ஜெல் குருணையாகி அடியில் படியும், எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் புட்டியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சிபிஜி: பெரும்பாலோருக்கு முதல் தெரிவு

பாக்டீரியா டிஎன்ஏவில் மெத்தில் ஏறாத சைட்டோசின்-குவானின் அடுக்கு, எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களைத் தூண்டுகிறது என்று கிரீக்கின் குழு 1995இல் காட்டியது. அந்த அடுக்கை வைத்துச் செய்யும் 20 எழுத்துச் சொச்ச ஆலிகோக்கள்தான் இன்று சிபிஜி என்ற பெயரில் கிடைப்பவை. இவை டிஎல்ஆர்9-ஐத் தூண்டும்.

வேதிமுறையில் இதன் உயிர் முதுகெலும்பில் இருக்கிறது. சாதாரண ஃபாஸ்போடையெஸ்டர் இணைப்பை உடலின் நியூக்ளியேஸ்கள் சீக்கிரமே அறுத்துவிடும். ஆகவே ஒவ்வோர் இணைப்பிலும் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைக்கிறார்கள், இதுவே ஃபாஸ்போரோதயோயேட். கந்தகம் ஏறிய ஒவ்வொரு பாஸ்பரஸும் இரண்டு வடிவில் அமையும். 20 எழுத்தில் 19 இணைப்பு என்பதால் உங்கள் புட்டியில் 5,24,288 வடிவங்களின் கலவை இருக்கிறது. வேதியியலாளருக்கு உறுத்தலாக இருக்கலாம், செயல்பாட்டில் இது தொல்லை தருவதில்லை. தொல்லை தருவது ஆர்டர் படிவம்தான். முதுகெலும்பு முழுக்க ஃபாஸ்போரோதயோயேட், எச்பிஎல்சி சுத்திகரிப்பு, சோடியம் உப்பு வடிவம் என்று மூன்றையும் எழுதிக் கொடுக்காவிட்டால் பிசிஆர் பிரைமர் தரத்தில் ஆலிகோ வந்து சேரும். எலியில் ஒன்றும் செய்யாது. வந்தபின் அதற்கும் எண்டோடாக்சின் பார்த்துவிடுங்கள்.

அடுத்து வரிசை. எலியின் டிஎல்ஆர்9 விரும்புவது ஜிஏசிஜிடிடி, மனித ஏற்பி விரும்புவது ஜிடிசிஜிடிடி. எலிக்கு 1826 என்ற வரிசையும் மனிதச் செல்களுக்கு 2006 என்ற வரிசையும் வழக்கம். 22 எழுத்து கொண்ட 1018 இரண்டு இனத்திலும் வேலை செய்வதால், பின்னால் மனிதத் தடுப்பூசி வரை போக நினைப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்வது நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியான ஹெப்லிசாவ்-பியில் 20 மைக்ரோகிராம் ஆன்டிஜெனோடு 3,000 மைக்ரோகிராம் 1018 இருக்கிறது; அமெரிக்காவில் 2017 நவம்பரில் அனுமதி பெற்றது. ஹைதராபாத் பயாலஜிக்கல் ஈ நிறுவனத்தின் கோர்பிவேக்ஸில் 25 மைக்ரோகிராம் ஆர்பிடி புரதம் (கொரோனா வைரஸ் முள்ளின் ஒட்டும் பகுதி), 750 மைக்ரோகிராம் அலுமினியம், 750 மைக்ரோகிராம் 1018. அலுமில் ஏற்றியதும் எவ்வளவு குறைந்த சிபிஜியோடு நின்றுகொள்ள முடிகிறது என்பதைக் கவனியுங்கள். ஆன்டிஜென்கள் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பீடு ஆகாது, ஆனாலும் ஒரு திசையைக் காட்டுகிறது.

எலிக்கு 12 டோஸ் கலக்கும் கணக்கு இது (10 எலிகள், இரண்டு டோஸ் உபரி, ஒரு டோஸ் 100 மைக்ரோலிட்டர், தொடைக்கு 50 வீதம்). மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அலுமினியம் கொண்ட ஹைட்ராக்சைடு ஜெல் 120 மைக்ரோலிட்டர். 10 மில்லிமோலார் டிரிஸ் கலந்த உப்புக் கரைசல், பிஎச் 7.4, 900 மைக்ரோலிட்டர். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆன்டிஜென் 60 மைக்ரோலிட்டர். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் சிபிஜி 120 மைக்ரோலிட்டர். ஒரு டோஸில் 5 மைக்ரோகிராம் ஆன்டிஜென், 100 மைக்ரோகிராம் அலுமினியம், 20 மைக்ரோகிராம் சிபிஜி சேரும்.

வரிசைதான் முக்கியம். ஜெல்லைப் பஃபரில் கலக்கி, ஆன்டிஜெனைத் துளித்துளியாக விட்டு, 30 முதல் 60 நிமிடம் மெதுவாகச் சுழற்றி, அதன் பிறகே சிபிஜி. சிபிஜி கனத்த எதிர்மின்னூட்டம் கொண்டது. அதை முதலில் விட்டால் ஜெல்லின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு ஆன்டிஜெனை வெளியே தள்ளும். ஒட்டியதா என்று பார்க்கச் சிறு அளவைச் சென்ட்ரிஃப்யூஜ் செய்து மேல்நீரில் புரதம் அளக்க வேண்டும். அதை 280 நானோமீட்டரில் அளக்காதீர்கள். 260இல் உச்சம் கொண்ட சிபிஜி அங்கேயும் உறிஞ்சி, இல்லாத புரதத்தைக் காட்டும். பிசிஏ அல்லது பிராட்ஃபோர்டு நிறச் சோதனை போதும்.

இந்தக் கலவையைக் கெடுப்பதில் முதலிடம் பிபிஎஸ் என்ற ஃபாஸ்பேட் பஃபருக்கு. அதிலுள்ள ஃபாஸ்பேட், ஜெல்லின் ஹைட்ராக்சில் இடங்களைப் பிடித்து, ஆன்டிஜெனையும் சிபிஜியையும் கழற்றிவிடும். ஆன்டிஜென் பிபிஎஸ்ஸில் இருந்தால் டிரிஸ் அல்லது ஹிஸ்டிடினுக்கு மாற்றிவிட்டே தொடங்குங்கள்.

சிபிஜியின் உண்மையான குறை இனவேறுபாடு. எலியில் பி செல், பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரைட்டிக் செல் தவிர மேக்ரோஃபேஜிலும் சாதாரண டென்ட்ரைட்டிக் செல்லிலும் டிஎல்ஆர்9 உண்டு. மனிதரில் முதல் இரண்டில்தான் முக்கியமாக உண்டு. ஆகவே எலியில் தெரியும் பிரமாதமான டி செல் விளைவை மனிதரில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. அதிக அளவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எலியின் மண்ணீரல் வீங்கும். 20 மைக்ரோகிராமுக்கு மேல் போக நல்ல காரணம் வேண்டும்.

செயற்கை எம்பிஎல்: டி செல் வேண்டுமென்றால்

எல்பிஎஸ்ஸின் நச்சு முனையான லிப்பிட் ஏ-யிலிருந்து ஒரு ஃபாஸ்பேட்டை எடுத்துவிட்டால் கிடைப்பது எம்பிஎல். டிஎல்ஆர்4-ஐத் தூண்டும், ஆனால் காய்ச்சலும் அதிர்ச்சியும் வெகுவாகக் குறையும். பழைய எம்பிஎல்லை சால்மொனெல்லா மின்னசோட்டா ஆர்595 வகையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதில் கொழுப்பு வால்களின் எண்ணிக்கை கலந்துகட்டியாக இருக்கும். ஆறு வால் கொண்ட ஒரே மூலக்கூறாகச் செயற்கையாகச் செய்வது இன்று சாத்தியம். அதையே வாங்குங்கள், தொகுதிக்குத் தொகுதி மாறாது.

வால் எண்ணிக்கை ஏன் முக்கியம்? நான்கு வால் கொண்ட லிப்பிட் 4ஏ எலியின் டிஎல்ஆர்4-ஐத் தூண்டும், அதே மூலக்கூறு மனித டிஎல்ஆர்4-ஐ அடைக்கும். அடைப்பதையே மருந்தாக்கப் பார்த்ததுதான் எரிடோரான் என்ற செயற்கை லிப்பிட். கடும் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகள் சுமார் 2,000 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் அது இறப்பைக் குறைக்கவில்லை என்று 2013இல் வெளிவந்தது. நோயாளி வார்டுக்கு வரும் நேரத்தில் எல்பிஎஸ் தன் வேலையை ஏற்கெனவே தொடங்கி முடித்திருக்கும் என்பது நம்பத்தகுந்த ஒரு விளக்கம்.

எம்பிஎல்லின் சிக்கல் கரைதல். டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து உப்புநீரில் சொட்டினால் கண்ணுக்குத் தெரியாத கட்டிகளாகும், பாதி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும். முதல் எலிக்கும் பத்தாவது எலிக்கும் வேறு வேறு டோஸ் போகும். லிப்போசோமில் (சிறு கொழுப்புக் குமிழில்) ஏற்றுவதே சரியான வழி. ஒரு டோஸுக்கு 10 மைக்ரோகிராம் எம்பிஎல், 200 டிஓபிசி (ஒரு ஃபாஸ்போலிப்பிட்), 50 கொலஸ்டிரால். 12 டோஸுக்கு 120 மைக்ரோகிராம், 2.4 மில்லிகிராம், 0.6 மில்லிகிராம். மூன்றையும் குளோரோஃபார்ம்-மெத்தனாலில் கண்ணாடிக் குடுவையில் கலந்து, நைட்ரஜன் ஊதி மென்படலமாக்கி, வெற்றிடத்தில் சில மணி நேரம் உலர்த்துங்கள். 0.6 மில்லிலிட்டர் பஃபர் விட்டு நனைத்து, 100 நானோமீட்டர் சவ்வு வழியே 11 முறை தள்ளுங்கள். ஊசி போடும் நாளில், ஆன்டிஜென் 60 மைக்ரோகிராம் கொண்ட 0.6 மில்லிலிட்டரோடு சேருங்கள். குளோரோஃபார்மை பாலிஸ்டைரீன் குழாயில் எடுத்தால் குழாயே கரைந்து டோஸில் சேரும். லிப்போசோமையும் உறையவிடக் கூடாது.

எக்ஸ்ட்ரூடர், அதாவது சவ்வு வழியே தள்ளும் கருவி, இல்லாத கூடத்துக்கு இது சுமை. அங்கே எம்பிஎல்லை ஜெல்லில் ஏற்றுவது இரண்டாம் வழி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுத் தடுப்பூசியான செர்வாரிக்ஸில் 50 மைக்ரோகிராம் எம்பிஎல் 500 மைக்ரோகிராம் அலுமினியம் ஹைட்ராக்சைடில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆர்848: மலிவு, வலிமை, ஆனால் நில்லாது

இமிக்விமோட் களிம்பு 1997இலேயே அமெரிக்காவில் மருக்களுக்கு அனுமதி பெற்றது. அது டிஎல்ஆர்7 வழியே வேலை செய்கிறது என்பது 2002இல்தான் தெரிந்தது. அதன் உறவுக்கார மூலக்கூறு ஆர்848. எடை வெறும் 314 டால்டன், குழியில் வைத்தால் அபார சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் செய்திப் புரதம்). ஆகவே பலர் அதை ஆன்டிஜெனோடு அப்படியே கலந்து ஊசி போடுகிறார்கள். இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இவ்வளவு சிறிய மூலக்கூறு ஊசி போட்ட இடத்தில் தங்குவதில்லை, சீக்கிரமே இரத்தத்தில் கலந்துவிடும். உடல் முழுக்கச் சைட்டோகைன் எகிறும், வெள்ளணுக்கள் சில மணி நேரம் இரத்தத்திலிருந்து மறையும், எலி முடங்கிக் கிடக்கும். ஆன்டிஜென் போய்ச் சேர்ந்த நிணநீர்க்கணுவில் மட்டும் ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்து அளவைக் கூட்டினால் நச்சுதான் கூடும்.

தீர்வு முழுக்க வேதியியல் சார்ந்தது. 3எம்-052 என்ற மூலக்கூறில் 18 கார்பன் கொழுப்பு வாலைக் கட்டி, நீரில் பரவாமல் எண்ணெய்த் துளியிலும் சவ்விலும் தங்கவைத்தார்கள். இன்னொரு வழி, ஃபாஸ்பேட் அல்லது ஃபாஸ்போனேட் கொக்கியை ஒட்டி அலும் ஜெல்லில் மாட்டுவது. மூன்றாவது, பாலிமர் சங்கிலியில் கோப்பது. பாரத் பயோடெக்கின் கோவேக்சின் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது: 6 மைக்ரோகிராம் செயலிழந்த வைரஸ், 250 மைக்ரோகிராம் அலும் ஜெல், அதில் ஏற்றிய 15 மைக்ரோகிராம் டிஎல்ஆர்7/8 தூண்டி. 2021 ஜனவரி 3இல் அவசர அனுமதி கிடைத்த பின் கோடிக்கணக்கான கைகளில் ஏறிய ஊசி அது. தனியே விட்டால் ஓடிவிடும் வகை மூலக்கூறை வெறும் 15 மைக்ரோகிராமில் வேலை செய்யவைத்தது ஏற்றிய முறைதான்.

எலியில் டிஎல்ஆர்8 மனிதரில் போல வேலை செய்வதில்லை. ஆகவே 7/8 இரட்டைத் தூண்டியை எலியில் சோதித்தால் நீங்கள் காண்பது பெரும்பாலும் 7-இன் பங்கு மட்டுமே. மனித மோனோசைட்டுகளில் 8-இன் பங்கு பெரிது. அதை மனித இரத்த வெள்ளணுக்களில் தனியே பார்க்க வேண்டும்.

கியூஎஸ்-21, ஸ்டிங்

சிலி நாட்டு குயில்லாஜா மரப்பட்டையிலிருந்து வரும் கியூஎஸ்-21, எம்பிஎல்லோடு சேர்ந்து ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசியில் இருக்கிறது, தலா 50 மைக்ரோகிராம். கொலஸ்டிரால் கொண்ட லிப்போசோமில் ஏற்றாவிட்டால் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். காரக் கரைசலில் அதன் எஸ்டர் இணைப்பு அறுந்துபோகும். முழுச் செயற்கைத் தயாரிப்பு 2006இல் கைகூடியது, ஆனால் படிகள் ஏராளம், விலையும் அப்படியே. எம்பிஎல் லிப்போசோம் கைவந்த பின் முயலுங்கள்.

ஸ்டிங் தூண்டிகளில் ஒன்று எல்லாருக்கும் எச்சரிக்கை. டிஎம்எக்ஸ்ஏஏ என்ற சிறு மூலக்கூறு எலிகளில் கட்டிகளைக் கரைத்தது. நுரையீரல் புற்றில் மூன்றாம் கட்ட மனிதச் சோதனை வரை போய்த் தோற்றது. அது எலி ஸ்டிங்கில் மட்டும் ஒட்டுகிறது, மனித ஸ்டிங்கில் ஒட்டவே இல்லை என்பது 2013இல் வெளிவந்தது. நோயாளிகள் ஊசி போட்டுக்கொண்ட பின் வந்த விடை அது. 2'3'-சிஜிஏஎம்பி இரு இனத்திலும் வேலை செய்யும், ஆனால் நியூக்ளியேஸ் போன்ற நொதி அதையும் அறுக்கும், ஏற்றிச்செல்ல ஏதாவது வேண்டும்.

எங்கள் தேர்வு

லிப்போசோம் வசதி இல்லாத கூடம், புரத ஆன்டிஜென், எதிர்ப்பொருளும் டிஎச்1-உம் வேண்டும் என்றால் அலும்-சிபிஜி. வேறு எதையும் முதல் சுற்றில் யோசிக்க வேண்டாம். சிடி4 (உதவி) டி செல்களே நோக்கம், எக்ஸ்ட்ரூடரும் இருக்கிறது என்றால் எம்பிஎல் லிப்போசோம். வேதியியல் கூடம் பக்கத்திலேயே இருந்து, கொக்கி வைத்த இமிடசோகுயினோலினைச் செய்துதர முடியுமென்றால் அதுவே மூன்றிலும் சுவையான பாதை. ஒரே மூலத்தில் வால் நீளத்தையும் கொக்கியையும் மாற்றி மாற்றி எது தங்குகிறது என்று அளக்க முடிகிற வாய்ப்பு வேறெதிலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. இணைக்காத ஆர்848-ஐ குழிச் சோதனைக்கு நேர்க் கட்டுப்பாடாக (விளைவு நிச்சயம் வரும் ஒப்பீடாக) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் குழுக்கள் குறைந்தது நான்கு: பஃபர் மட்டும், ஆன்டிஜென் மட்டும், ஆன்டிஜென்-அலும், முழுக்கலவை. சிபிஜிக்கு ஐந்தாவதாக, அதே ஃபாஸ்போரோதயோயேட் முதுகெலும்பில் சிஜியை ஜிசியாகத் திருப்பிய ஆலிகோ வேண்டும். கந்தக முதுகெலும்பே புரதங்களில் ஒட்டித் தனி விளைவு தரக்கூடியது. குழுவுக்கு 8 எலி. நாள் 0, 21 ஊசி. நாள் 14, 35 இரத்தம். டி செல்லுக்கு ஒரு துணைக்குழுவின் மண்ணீரலை நாள் 28இல் எடுத்து இன்டர்ஃபெரான் காமா எலிஸ்பாட் (அதைச் சுரக்கும் செல்களை எண்ணும் சோதனை).

கடைசியாக, ஆய்வேட்டையே கவிழ்க்கக்கூடிய ஒரு சிறு விஷயம். சி57பிஎல்/6 எலியில் ஐஜிஜி2ஏ (டிஎச்1 விளைவைக் காட்டும் எதிர்ப்பொருள் வகை) மரபணு கிடையாது, அதற்குப் பதில் இருப்பது ஐஜிஜி2சி. பழைய கிட்டில் வரும் ஐஜிஜி2ஏ கண்டறி எதிர்ப்பொருளை வைத்து எலைசா (எதிர்ப்பொருள் அளக்கும் சோதனை) செய்தால் டிஎச்1 விளைவு இல்லை என்றே தட்டு காட்டும், அல்லது குறுக்கு ஒட்டுதலால் அரைகுறையாகக் காட்டும். பால்ப்/சி எலிக்கு 2ஏ, சி57-க்கு 2சி என்று கண்டறி எதிர்ப்பொருளை முதல் ஊசிக்கு முன்பே வாங்கி, நாள் 14 சீரத்தில் நீர்ப்பளவை சரிபார்த்து வையுங்கள்.